பாரிஸ் – இலண்டன்: வானில் ஒரு மணித்தியாலம், வழியில் அரைநாள்

பாரிஸ் சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்துக்கும் இலண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 348 கிலோமீற்றராகும். ஜெட் விமானமொன்று இத்தூரத்தை வானில் ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடக் கூடியது. எனினும் நேரசூசிகளில் சுமார் 1 மணித்தியாலம் 20 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், நெரிசல் மிக்க ஹீத்ரோவின் மேல் வட்டமிட்டுக் காத்திருப்பதும் இதில் அடங்கும்.

பயணச்சீட்டை வாசிப்போர் தடுமாறுவது வேறோரிடத்திலாகும். பிரான்ஸின் நேரம் பிரித்தானிய நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தியது. எனவே பாரிஸில் காலை 9 மணிக்குப் புறப்படுபவர் இலண்டனில் 9.20க்கு இறங்குவார், மீளும்போது 9 மணிக்குப் புறப்பட்டால் 11.20 ஆகிவிடும்.

இரு நிலையங்களுமே நகர மையத்திலிருந்து இருபது கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளன. அங்கு செல்லும் நேரத்தையும் சோதனைகளுக்கான காத்திருப்பையும் கூட்டினால் நான்கைந்து மணித்தியாலங்கள் கழிந்துவிடும். 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கப்பாதையூடாகச் செல்லும் யூரோஸ்டார் புகையிரதமோ, 2007 முதல் நகருக்கு நகர் சுமார் இரண்டேகால் மணித்தியாலத்தில் சேர்கின்றது. நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல், அது புறப்படும் கார் டு நோர் நிலையத்துக்கு அண்மையிலேயே உள்ளது. கடைசி நேரக் கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்வோர் தூரத்தைவிட விசாவையே முதலில் கவனித்தல் வேண்டும். ஷெங்கன் விசா பிரித்தானியாவுக்குச் செல்லுபடியாகாது. அது ஒருதடவை நுழைவுக்குரியதாயின், இலண்டன் சென்றவர் அதே விசாவில் பாரிஸுக்குத் திரும்பவும் இயலாது. புகையிரதப் பயணிகளைப் பிரித்தானிய அதிகாரிகள் பாரிஸ் நிலையத்திலேயே பரிசோதிக்கின்றனர்.