கிரிம் உடன்பிறந்தார் கதைத் தொகுப்பில் கொடுமை: நீக்கமும் நிலைபேறும்

முன்னுரை

பெற்றோரால் காட்டில் விடப்படும் பிள்ளைகள், மகளின் உயிரைப் பறிக்க முனையும் அரசி, மனித ஊன் உண்ணும் கிழவி ஆகியோர் உலக நாட்டுப்புறக் கதைகள் பலவற்றிலும் இடம்பெறுவர். இத்தகைய கதைகள் குழந்தைகளுக்குரியன என்று கருதப்படுவதும், தலைமுறைகள் கடந்து விரும்பிக் கேட்கப்படுவதும் ஆய்வுக்குரியன. ஜெர்மானிய மொழியறிஞர்களான யாக்கோபு கிரிம் (1785–1863), வில்லெம் கிரிம் (1786–1859) ஆகியோரின் தொகுப்பு இவ்வாய்வுக்குச் சிறந்த களமாகும். இதன் முதற்பதிப்பு 1812, 1815 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஏழாவது பதிப்பு 1857இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் எவை நீக்கப்பட்டன, எவை காக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுப்பின் நோக்கமும் மாற்றமும்

முதற்பதிப்பு குழந்தைகளை மட்டும் கருதி உருவானதன்று. மறைந்துவரும் மக்கள் வழக்காற்றைப் பதிவு செய்தலே தொகுப்பாளர்தம் முதன்மை நோக்கம். எனவே ஆராய்ச்சிக் குறிப்புகளும் உடன் இடம்பெற்றன. ஆயின் நூற்பெயரிலேயே குழந்தைகள் சுட்டப்பட்டனர். சில கதைகள் பிள்ளைகளுக்கு ஏற்றனவல்ல என்ற மறுப்பும் எழுந்தது. 1819இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதலாகத் திருத்தப் பணியை வில்லெம் பெரும்பாலும் தாமே மேற்கொண்டார். 1825இல் ஐம்பது கதைகள் கொண்ட சிறுபதிப்பு குழந்தைகளுக்கெனவே வெளியிடப்பட்டது.

நீக்கப்பட்டவை

முதற்பதிப்பில் இருந்த இரு கதைகள் 1819இல் இடம்பெறவில்லை. ஒன்று, பிள்ளைகள் கசாப்பு விளையாட்டு விளையாடிய கதை. விளையாட்டு மெய்க்கொலையாக முடிகிறது. மற்றொன்று, பஞ்சக் காலத்துப் பிள்ளைகளின் கதை. பசி தாளாத தாய் தன் மகளிரையே கொன்றுண்ண எண்ணுகிறாள். அவர்கள் இரந்து பெற்ற சிறிது உணவும் போதாமற் போக, இறுதியில் படுத்துறங்கி விழித்தெழாமலே போகின்றனர். தாயும் எங்கோ மறைகிறாள்.

பாலியல் குறிப்புகளும் மறைக்கப்பட்டன. ராப்பன்சல் கதையின் முதல் வடிவில், தன் உடை இறுகிவருவது ஏன் என்று அப்பெண் வினவுவதால் அவள் கருவுற்ற செய்தி வெளிப்படும். பிந்திய பதிப்புகளில், இளவரசனைவிடக் கிழவியை மேலே இழுப்பது கடினமாயிருப்பது ஏன் என்ற வினாவாக அது மாற்றப்பட்டது.

காக்கப்பட்டவையும் மிகுவிக்கப்பட்டவையும்

இம்மாற்றங்களைக் கொண்டு கொடுமை முற்றும் களையப்பட்டது எனக் கருதுதல் பொருந்தாது. சிண்டரெல்லா கதையில் மாற்றாந்தாயின் மகளிருடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் முடிவு 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை, 1819இல்தான் சேர்க்கப்பட்டது. ஸ்னோ ஒயிட் கதையில் தீய அரசி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிந்து சாகும்வரை ஆடும் தண்டனை இறுதிப் பதிப்புவரை நிலைத்தது.

இவற்றை ஒப்பிடுங்கால் ஓர் உண்மை புலனாகிறது. ஈடுசெய்யப்படாத கொடுமையே பெரும்பாலும் நீக்கப்பட்டது. குற்றத்திற்குத் தண்டனையாக அமைந்த கொடுமை காக்கப்பட்டது, சிலவிடத்து மிகுவிக்கவும் பட்டது. அடங்காத பிள்ளை ஒன்று இறந்தபின் அதன் கை புதைகுழியினின்றும் நீள, தாய் வந்து கோலால் அடித்த பின்னரே அடங்கும் சிறுகதை 1857வரை தொடர்ந்தமை இங்கு எண்ணத்தக்கது. தொகுப்பில் நிலைநாட்டப்படும் நீதி எப்போதும் குழந்தையின் நீதியன்று. மூத்தோரின் நீதியாகவும் அமைவதுண்டு.

தாயும் மாற்றாந்தாயும்

1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல முனைபவள் ஈன்ற தாயே. 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஹேன்சல், கிரெத்தல் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் விடத் தூண்டும் தாய், 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய் ஆயினாள்.

உளப்பகுப்பாய்வாளர் புருனோ பெட்டல்ஹெய்ம் 1976இல் வெளியிட்ட நூலில், நல்ல தாய், கொடிய மாற்றாந்தாய் என்னும் பிரிவு குழந்தையின் அச்சத்தையும் சினத்தையும் ஆற்றுவதாக விளக்கினார். வரலாற்றறிஞர் ராபர்ட் டார்ன்டன் 1984இல், கதைகளை வரலாற்றினின்றும் பிரித்துப் பொருள்கொள்ளும் போக்கை மறுத்தார். பிரெஞ்சு உழவர்தம் கதைகளில் பசியும் மாற்றாந்தாயும் மிகுந்திருப்பது அக்கால வாழ்வின் உண்மை என நிறுவினார். மேற்காட்டிய பதிப்பு மாற்றங்கள் பெட்டல்ஹெய்மின் கருத்திற்கு ஒரு வரம்பு விதிக்கின்றன. இவ்விரு கதைகளில் தாயின் பிரிவு, பதிப்பாசிரியர் செய்த மாற்றமேயன்றிக் கதையின் தொல்வடிவமன்று. எனினும் மாற்றாந்தாய் என்னும் பாத்திரம் வில்லெமின் புனைவு எனல் ஆகாது. சிண்டரெல்லா போன்ற கதைகளில் அவள் முன்னரே உள்ளாள். மரபில் இருந்த வழியையே அவர் பிற கதைகளுக்கும் விரித்தார் எனலாம்.

வங்கச் சான்று

இத்தொகுப்பின் தாக்கம் இந்தியாவையும் எட்டியது. 1883இல் வங்க நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்த லால் பிகாரி டே, ரிச்சர்டு கார்னாக் டெம்பிளின் தூண்டுதலால் அப்பணியில் ஈடுபட்டதையும், கிரிம் கதைகளைத் தாம் பயின்றிருந்ததையும் தம் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். பின்னர் 1907இல் தட்சிணரஞ்சன் மித்ர மஜும்தார் ‘தாக்குர்மார் ஜூலி’ என்னும் தொகுப்பைத் தாகூரின் முன்னுரையுடன் வங்க மொழியிலேயே வெளியிட்டார். அதில் ‘சாத் பாய் சம்பா’ கதையில், இளைய அரசி ஈன்ற ஏழு ஆண் மக்களையும் ஒரு பெண் மகவையும் மூத்த அரசியர் சாம்பற் குவியலில் புதைக்கின்றனர். பிள்ளைகள் மலர்களாகப் பூத்துத் தாயை அடையாளம் காட்டுகின்றனர். கொடியோர் மேலும் கீழும் முள்ளிட்டுப் புதைக்கப்படுகின்றனர். குழந்தைகளுக்கெனப் போற்றப்படும் இந்நூலிலும் தண்டனை மறைக்கப்படவில்லை.

முடிவுரை

கொடுமை மிக்க கதைகளின் நிலைபேற்றிற்குக் கொடுமை மட்டுமே காரணமன்று. பசி, கைவிடப்படல், உறவினரின் வஞ்சம் ஆகிய மெய்யச்சங்களை அவை மறையாது கூறுகின்றன. எளியோர் அவற்றைக் கடந்து வருவதையும் காட்டுகின்றன. அதே வேளையில், மீட்சியற்ற பஞ்சக் கதை ஏட்டினின்றும் விலக்கப்பட்டமை, அச்சுப் பண்பாடு எத்துயரைத் தாங்கவில்லை என்பதை உணர்த்துகிறது. ஆதலின் ஒரு கதையின் உட்பொருளை உரைப்பதற்கு முன் அதன் பதிப்பு வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. அவ்வாறு அறியாவிடின், பதிப்பாசிரியரின் கைவண்ணமே மக்கள் மனமாகக் கொள்ளப்படும்.