பாறை ஏறும் கையும் கவ்வாத்துக் கையும்

கண்டி மலைகளில் பாறை ஏறுவது சிலரின் விருப்பம். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுவது பலரின் பிழைப்பு. முழங்கைத் தசைநார் வலி இருவருக்கும் வருகிறது. ஆறும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு.

பாறை ஏறுபவருக்குப் பெரும்பாலும் முழங்கையின் உட்புற எலும்பு முனை நோகும். விரல் நுனியில் உடம்பைத் தாங்கும்போது உழைக்கிற மடக்குத் தசைகளில் பல அங்கிருந்தே புறப்படுகின்றன. கவ்வாத்துக்காரருக்கோ வெளிப்புறம் நோகவே வாய்ப்பு அதிகம். கத்தியை இறுகப் பிடித்து முதிர்ந்த வாதைச் சரிவாக வெட்டும் ஒவ்வொரு வீச்சிலும், மணிக்கட்டு மடங்காமல் காப்பது முன்கையின் மேற்புறத் தசை. 1873இல் ஜெர்மன் வைத்தியர் ருங்கே இந்த வெளிப்புற வலியை விவரித்ததும் எழுத்து வேலை செய்த கைகளில்தான். ‘டென்னிஸ் முழங்கை’ என்ற பெயருக்குக் காரணமான டென்னிஸ்காரர்கள் பிறகு வந்தவர்கள்.

நெடுநாள் வலித்த தசைநாரில் இருப்பது வெறும் அழற்சி அல்ல, ஒழுங்கு குலைந்த நார்கள் என்று 1979இல் அமெரிக்க வைத்தியர் நிர்ஷல் காட்டினார். ஸ்டீரொய்ட் ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆனால் 2013இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில், ஒரு வருடம் கழிந்தபோது ஸ்டீரொய்ட் ஊசி போட்டவர்களைவிட மருந்தில்லாத ஊசி போட்டவர்களே கூடுதலாகக் குணமாகியிருந்தார்கள்.

நாருக்குத் தேவை அளவான பாரம். முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டுத் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் அதை உயர்த்திவிட்டு, நோகும் கையால் மட்டும் மெதுவாக இறக்குங்கள். உட்புற வலிக்கு உள்ளங்கை மேலே பார்க்கட்டும், வெளிப்புற வலிக்குக் கீழே. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடியே இருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். குணமாக மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்கள் பாறை ஏறுபவரிடம் உண்டு. சிறு பிடிகளை விட்டு, சாய்வான பாறையில் கால்பலத்தால் ஏறி, படிப்படியாகக் கூட்டிக்கொள்ளலாம். அன்றைய கணக்கு முடியாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்று அஞ்சும் தொழிலாளிக்கு இந்த அறிவுரை எதற்கு உதவும்? அவருக்கான தடுப்பு வேலை ஒழுங்கில்தான் இருக்கிறது. மழுங்கிய கத்தி ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் பலம் கேட்கும். தீட்டுவதற்கு நேரம் சம்பளத்துக்குள்ளேயே வர வேண்டும். வலி தொடங்கியவரைச் சில வாரம் வேறு வேலையில் போட வேண்டும், பேர் குறையாமல்.

கண்டியின் ஹந்தானை மலை அடிவாரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இயன்மருத்துவப் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. அந்த மாணவர்கள் ஒரு கவ்வாத்துப் பருவம் மலைக்கு வந்து இந்தக் கைகளைப் பார்க்கட்டும். எந்த வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்று தோட்டத் துரைமாருக்கு அவர்கள் எழுத்தில் தந்தால், தொழிற்சங்கங்கள் அதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம்.