அணுமின் நிலையங்களில் அவசர மின்சாரம்: பழைய உலைகள் மேம்படுத்தப்படுவது ஏன்?

அணுமின் நிலையம் மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இடம் மட்டுமன்று. பாதுகாப்பாக இருக்க அதற்கே மின்சாரம் தேவை. அணுப்பிளவு நிறுத்தப்பட்ட பின்னரும் எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். உலை நின்றவுடன் இது முழு வெப்பத்திறனில் சுமார் 6 முதல் 7 சதவீதமாக இருக்கும். ஒரு நாளுக்குப் பின் ஏறத்தாழ அரை சதவீதமாகக் குறையும். இந்த வெப்பத்தை அகற்றும் பம்புகளை இயக்கவே அவசர மின்சாரம் தேவைப்படுகிறது.

நான்கு வகை மின்சாரம்

கர்நாடகத்தின் கைகா, தமிழகத்தின் கல்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில் மின் வழங்கல் நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வழக்கமான மின்தொகுப்பிலிருந்து கிடைப்பது நான்காம் வகை. அது துண்டிக்கப்பட்டால் டீசல் ஜெனரேட்டர்கள் தரும் மூன்றாம் வகை கைகொடுக்கும். இன்வெர்ட்டர் வழியாகத் தடையின்றி வருவது இரண்டாம் வகை. பேட்டரிகள் தருவது முதல் வகை. ஆனால் பேட்டரிகள் குறிப்பிட்ட நேரமே தாங்கும்.

நரோரா தந்த பாடம்

உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலையில் முதல் அலகின் டர்பைன் இறக்கைகள் முறிந்தன. அதனால் கசிந்த ஹைட்ரஜனில் தீப்பற்றி, மின்கேபிள்களுக்கும் பரவியது. வழக்கமான மின்சாரத்துக்கும் அவசர மின்சாரத்துக்கும் உரிய கேபிள்கள் போதிய இடைவெளியும் தீத்தடுப்பும் இன்றி அமைந்திருந்ததால் நான்கு வகை மின்சாரமும் தடைபட்டது. சுமார் 17 மணி நேரம் அலகு இருளில் மூழ்கியது. டீசலில் இயங்கும் தீயணைப்புப் பம்புகள் மூலம் நீராவிக் கலன்களுக்கு நீர் செலுத்தி ஊழியர்கள் உலையைக் குளிர்வித்தனர். கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை.

ஜெனரேட்டர்களின் எண்ணிக்கையைவிட, ஒரே விபத்தில் அனைத்தும் செயலிழக்காதபடி அவற்றையும் கேபிள்களையும் பிரித்து வைப்பதே முக்கியம் என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

தாராப்பூரில் செய்யப்பட்டவை

1969-ஆம் ஆண்டு வணிக உற்பத்தியைத் தொடங்கிய மகாராஷ்டிரத்தின் தாராப்பூர் முதல் இரு அலகுகள், நாட்டின் மிகப் பழைய அணுமின் உலைகள். 2005-06-இல் இவை நிறுத்தப்பட்டு மேம்படுத்தப்பட்டன. இருந்த மூன்று டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பதிலாக அதிகத் திறன் கொண்டவை நிறுவப்பட்டன. இரு அலகுகளும் பகிர்ந்துகொண்ட மின் அமைப்புகள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. துணைக் கட்டுப்பாட்டு அறைகளும் அமைக்கப்பட்டன.

ஃபுகுஷிமாவுக்குப் பின்

2011 மார்ச் 11-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தால் மின்தொகுப்பு இணைப்பு அறுந்தது. இயங்கத் தொடங்கிய டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி செயலிழக்கச் செய்தது. தப்பியது ஆறாவது அலகில் காற்றால் குளிர்விக்கப்படும் ஒரு ஜெனரேட்டர் மட்டுமே; அதன் மின்சாரமே ஐந்து, ஆறாம் அலகுகளைக் காப்பாற்றியது.

அதன்பின் இந்திய நிலையங்கள் அனைத்திலும் பாதுகாப்பு மறுஆய்வு நடத்தப்பட்டது. நகர்த்தக்கூடிய காற்றுக்குளிர் டீசல் ஜெனரேட்டர்கள், வெளியிலிருந்து உலைக்கு நீர் செலுத்தும் இணைப்புகள், சூரியசக்தி விளக்குகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி, ஒவ்வொரு நிலையமும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிவான பாதுகாப்பு மறுஆய்வுக்கு உட்படுகிறது. பழைய வடிவமைப்பை இன்றைய பாதுகாப்புத் தரங்களுடன் ஒப்பிட்டு, குறைகளைக் கண்டறிந்து களைவதே அதன் நோக்கம்.