பாடநூற் சுருளும் உயிரணுவும்

உயிரணுவின் உள்ளமைப்பைப் பாடநூற் படத்திற் கண்டவர் பலர்; உயிரணுவினுள்ளேயே கண்டவர் மிகச் சிலர். இவ்விரு காட்சிகளும் ஒன்றுதானா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளரும் உண்டு.

1931ஆம் ஆண்டு ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தை அமைத்தனர். சாதாரண ஒளி காட்ட இயலாத நுண்பொருள்களை அக்கருவி காட்டலாயிற்று. ஆயினும், சுவரில் விழும் நிழலைப் போலத் தட்டையாகவே காட்டியது. ஒரு பொருளைப் பல கோணங்களிற் படமெடுத்து, அப்படங்களைக் கணக்கின் துணையால் ஒன்றுசேர்த்தால் அதன் முழு வடிவும் புலப்படும் என்பதை 1968இல் கேம்பிரிட்ஜில் டி ரோசியரும் ஆரன் குளூகும் எடுத்துரைத்தனர். அக்கணக்கை எளிதாக்கும் வழியொன்றை 1971இல் வகுத்தவர்கள், சென்னைப் பல்கலைக் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் ஆவர். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. படங்களுக்கும் அவ்வழி பயன்பட்டது.

மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அவை கண்ணுக்குப் புலனாகாத உட்கருவினுள் எவ்வாறு அடங்குகின்றன? இழை, புரத உருண்டைகளைச் சுற்றி மணிமாலைபோல் அமைகிறது. அம்மாலை 30 நானோமீட்டர் தடிப்புள்ள சுருளாக முறுக்கிக்கொள்கிறது என்று 1976இல் ஃபிஞ்சும் அதே குளூகும் கூறினர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அச்சுருள் பாடநூல்களில் இடம்பெற்றது. மாணவர் மனத்திலும் பதிந்தது. ஆனால், அது உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்த பொருளிற் கண்ட வடிவமாகும்.

உயிரணுவை அதன் இயல்பு கெடாமற் காண்பதற்கு, நீரைப் படிகமாக விடாது கண்ணாடிபோல் உறையவைக்கும் முறை 1980களில் உருவாயிற்று. அம்முறையால் மனித உயிரணுக்களை ஆராய்ந்த ஐரோப்பிய, ஜப்பானிய அறிஞர்கள் அச்சுருளைக் காணவில்லை என 2008இல் அறிவித்தனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகத்தில் லு கான் குழுவினர், ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட் உயிரணுக்களை அவ்வாறே உறையவைத்து, வைரக் கத்தியால் மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியிற் சிறிது சிறிதாகச் சாய்த்துப் படமெடுத்தனர். அவர்கள் கண்டவை ஒழுங்கின்றி நெருங்கிக் கிடந்த மணிகளே. 30 நானோமீட்டர்ச் சுருள் அங்கே இல்லை. இம்முடிவு 2016இல் வெளிவந்தது.

கோழியின் சிவப்பணுக்களில் அச்சுருள் காணப்பட்டதாக 2011இல் வேறொரு குழு அறிவித்ததுண்டு. எனவே சுருள் முழுப் பொய்யன்று. எல்லா உயிரணுக்களுக்கும் அது பொதுவென்று கொண்டதே பிழை. குளூக் காட்டிய வழியே குளூகின் சுருளையும் சோதித்துவிட்டது. கரும்பலகையில் அப்படத்தை வரையும் ஆசிரியர், அதனருகே ஒரு கேள்விக் குறியையும் இடுவாராயின், மாணவர் கற்பது படத்தை மட்டுமன்று, அறிவியலையே ஆகும்.