சப்ரகமுவத் தோட்டங்களில் கேள்வியும் பதிலும்: கங்காணி முதல் சாட்பாட் வரை

வணிக நிறுவனத்தின் சார்பில் நின்று, கேட்டு வருபவருக்கு அவர் மொழியிலேயே பதில் சொல்வது சாட்பாட்டின் வேலை. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இந்த வேலை கணினிக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் கணக்கு வைத்த கம்பெனிக்கும் தமிழில் பேசிய தொழிலாளிக்கும் நடுவே கங்காணி, கணக்கப்பிள்ளை, கைநூல், சங்கத் தலைவர், தொலைபேசி நிலையம் என்று பலவும் பலரும் நின்றனர்.

1869-இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1876-இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்த இறப்பர் கன்றுகளின் வழியே யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, காவத்தை, பெல்மதுளைப் பக்கங்களில் இறப்பர் பரவியது. களனிவெளி ரயில்பாதை 1912-இல் இரத்தினபுரியை எட்டியது. நுவரெலியாவில் தோட்டத்தோடு தோட்டம் ஒட்டிக் கிடந்தது போல இங்கே இல்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடந்த தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம், ஆபீசில் ஆங்கிலம் என்ற நிலை இங்கே வெகுசீக்கிரமே உருவானது.

முதலில் நடுவே நின்றவர் பெரிய கங்காணி. ஊரில் ஆள் சேர்த்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர் அவர். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தார்கள். தோட்டத்தை நடத்திய துரையின் கட்டளை கங்காணி வாயால்தான் லயத்துக்கு வந்தது. லயத்தின் குறையும் அவர் வாயால்தான் பங்களாவுக்குப் போனது. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இத்தனை கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதில் எழுதியிருந்த தொகை சரிதானா என்று கடன்பட்டவரே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை. பதில் சொல்பவரின் வருமானமே கேட்பவரின் கடனில் தங்கியிருந்த அந்த ஏற்பாட்டில் நேர்மையான பதிலை எதிர்பார்ப்பதற்கில்லை. 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

கங்காணியை மட்டும் நம்பியிருக்க விரும்பாத துரைமாருக்காகக் கைநூல்கள் வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளியான ‘இங்கே வா’ என்ற, சின்னத்துரைமாருக்கான (துரையின் உதவியாளர்களுக்கான) தமிழ் வழிகாட்டி பலரும் அறிந்தது. அதற்குப் பின் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் 1915-இல் ‘கூலித் தமிழ்’ என்ற நூலை வெளியிட்டார். தேயிலை, இறப்பர் தோட்டத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் பேச்சுத் தமிழைத் துரைமார் கற்பதற்கென்றே எழுதப்பட்டது அது. நாற்று மேடை, கவ்வாத்து, புல்லு வெட்டு, கொழுந்து, பால்வெட்டு என்று வேலைக்கு வேலை சொல்ல வேண்டியவை முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றை மனப்பாடம் செய்த சின்னத்துரை மறுநாள் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று சொல்லலாம். தொழிலாளி திரும்பக் கேட்கக்கூடியவை மட்டும் முன்கூட்டித் தெரிந்தவை அல்ல. ஏன் இன்றைக்கு அரைப்பேர் (அரை நாள் கணக்கு), போன மாதம் எத்தனை பேர் (முழு நாள் கணக்கு) விழுந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் போவது போன்ற கேள்விகள் வந்தால், கட்டளை சொல்லப் பழகிய தமிழ் கைகொடுக்காது. அப்போது துரை மறுபடியும் கங்காணியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

கங்காணியின் பிடி தளரத் தளரக் கணக்கப்பிள்ளையின் இடம் உயர்ந்தது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவதும் கொழுந்து மடுவத்தில் நிறுவை எழுதுவதும் அவர் பொறுப்பில் இருந்தன. குறித்த அளவு பறிக்காதவருக்கு அரைப்பேர். அளவுக்கு மேல் பறித்தவருக்கு மேலதிகக் காசு. இன்றும் தோட்டத்தில் எழும் தகராறுகளில் மிகப் பல இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன.

தொழிலாளி கேள்வி கேட்கும் வழிகள் 1920-களில் திறந்தன. கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் நுழையத் தடை இருந்தபடியால், துணி வியாபாரி வேடத்தில் உள்ளே போய் நிலைமையை நேரில் கண்டவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தியதோடு, தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் விளக்கியும் எழுதினார். இந்திய அரசின் பிரதிநிதி 1923 முதல் இலங்கையில் இருந்து முறைப்பாடுகளைக் கேட்டார். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927-இல் வந்தது. 1936-இல் ருவன்வெல்லத் தொகுதியில் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா வென்ற பிறகு களனிவெளித் தோட்டங்களில் அக்கட்சியின் தொழிற்சங்கங்கள் வேரூன்றின. 1939-இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரசின் தொழிற்சங்கமும் பரவியது. செக்ரோலைக் காட்டச் சொல்லிக் கேட்கும் துணிவுள்ள தோட்டத் தலைவர் ஒருவர் முதன்முறையாகத் தொழிலாளி பக்கத்தில் வந்து நின்றார். பதில் கம்பெனியிடமிருந்தே வந்தாலும் அதைச் சரிபார்க்க இன்னொருவர் இருந்தார் என்பதே இந்தக் காலத்தின் பெரிய பேறு.

1948-இல் குடியுரிமைச் சட்டமும் 1956-இல் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தன. தோட்டத்துக்கு வெளியே இருந்த அரச அலுவலகம் அதோடு இன்னொரு மூடிய கதவானது. தமிழர் சிறு தொகையினராக இருந்த சப்ரகமுவவில் இதன் பாரம் கூடுதல். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, சேமலாப நிதி என்று எதற்குப் போனாலும் சிங்களப் படிவத்தை நிரப்பித் தர ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. 1987-இன் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நடைமுறை அந்த வேகத்தில் மாறவில்லை. 1970-களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992-இல் பிராந்தியக் கம்பெனிகளிடம் போனது. 2006-இல் தொடங்கிய, ‘1919’ என்ற தொலைபேசி எண் கொண்ட அரச தகவல் நிலையம் மூன்று மொழிகளிலும் தொலைபேசியில் பதில் சொன்னது. இன்றைய சாட்பாட்டுக்கு இந்நாட்டில் மிக அருகில் நிற்கும் முன்னோடி அதுதான்.

சாட்பாட்டின் சொந்த வரலாறு 1966-இல் தொடங்குகிறது. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, தட்டச்சிட்ட வரியில் தெரிந்த சொல் இருக்கிறதா என்று தேடி, அதற்கென வைத்திருந்த வாய்பாட்டில் அவ்வரியின் சொற்களைப் பொருத்தித் திருப்பித் தந்தது. 1995-இல் வந்த ஆலிஸும், 2016-இல் பேஸ்புக் மெசஞ்சர் இடம் தந்தபின் வங்கிகளும் கடைகளும் வைத்த சாட்பாட்களில் பலவும் அதே வழியில்தான் சென்றன. துரைமாரின் கைநூலுக்கு இருந்த குறையே இவற்றுக்கும் இருந்தது: எழுதி வைக்காத கேள்வி வந்தால் பொருத்தமான பதில் வராது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்பார்மர் என்ற மொழி மாதிரி அமைப்பும் 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் இந்தத் தடையைத் தாண்டின. ஆனால் தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லும் புதிய ஆபத்து கூடவே வந்தது. அதைக் குறைக்க, கேள்விக்குப் பொருத்தமான பகுதியை நிறுவனத்தின் ஆவணங்களிலிருந்து முதலில் எடுத்து, அதை ஆதாரமாக வைத்துப் பதில் எழுதச் செய்யும் முறை 2020 முதல் வளர்ந்தது. வணிக சாட்பாட்களில் இன்று பரவலாக இருப்பது இம்முறையே.

இந்தியாவில் 2023-இல் தொடங்கிய ஜுகல்பந்தி என்ற சாட்பாட், வாட்ஸ்அப்பில் பேசிய கேள்வியை எழுத்தாக்கி, ஆங்கிலத்துக்கு மாற்றி, அரசுத் திட்ட ஆவணங்களில் தேடி, பதிலைக் கேட்டவரின் மொழியில் குரலாகத் திருப்பித் தந்தது. அதன் மொழிக் கருவிகள் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவினுடையவை. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அரச ஆவணங்களைக் கொண்டு ‘சி-த’ என்ற சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்புக் கருவியை உருவாக்கியது. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். ஆயினும் அரச சுற்றறிக்கையின் தமிழ் ஒன்று, பிரட்டுக்களத்தின் தமிழ் வேறொன்று. பேர், அரைப்பேர், மடுவம், ஒட்டுப்பால் என்ற சொற்களும், ஒரே வாக்கியத்தில் சிங்களமும் தமிழும் கலந்து வரும் கேகாலைப் பேச்சும் அரச ஆவணங்களில் கிடைப்பது அரிது. சப்ரகமுவவுக்கு ஒரு சாட்பாட் கட்டுபவருக்கு, தொழிலாளர் உண்மையில் கேட்கும் கேள்விகளை அவர்களின் அனுமதியோடு அவர்கள் பேச்சிலேயே சேகரிப்பதுதான் முதல் வேலை. பதில் கிடைக்காமல் போன கேள்விகளை வாரந்தோறும் எடுத்துப் பார்த்துத் திருத்துவது அடுத்தது.

ஆவணம் பழையதாகிவிடுவது இன்னொரு பெரிய சிக்கல். தோட்ட நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனது. 2024-இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று புதிய வர்த்தமானி வந்தது. நடுவில் வந்த 1,700 ரூபாய் வர்த்தமானியை நீக்காமல் வைத்திருக்கும் சாட்பாட் தொழிலாளிக்குத் தவறான தொகையை உறுதியோடு சொல்லும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் செல்லுபடியாகும் தேதி குறித்திருப்பதும், பதிலோடு எந்த வர்த்தமானி என்று காட்டுவதும் இதற்கு மருந்து.

தவறான பதிலை எதிர்த்துக் கேட்கவும் வழி வேண்டும். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொறி மட்டுமே எடுத்த முடிவு ஒருவரின் உரிமைகளை மீளமுடியாதபடி தொடர்ந்து பாதித்தால் அதை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமைக்கு இடம் வைத்திருக்கிறது. துண்டைப் படிக்க முடியாதவர்களின் வழிவந்தவர்களுக்கு அந்த உரிமை பயன்பட வேண்டுமானால், செக்ரோல், நிறுவை, சேமலாப நிதி பற்றிய ஒவ்வொரு பதிலோடும் தோட்ட ஆபீசில் யாரைப் பார்த்து முறையிடுவது என்பதையும் கம்பெனிகள் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்துத் தர வேண்டும்.