வேடந்தாங்கல்: ஓர் ஊர் காத்த அடைக்கலம்

தொண்டை நாட்டை ஏரிகளின் நாடு என்று கூறுவது மிகையாகாது. வற்றாத ஆறுகள் வாய்க்கப்பெறாத அந்நிலத்தில் நம் முன்னோர் மழைநீரைத் தேக்கி உழவு செய்தனர். அவ்வாறு தேக்கிய சிறு நீர்நிலையைத் ‘தாங்கல்’ என்றனர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எனச் சென்னையிலும் அதன் அருகிலும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. வேடந்தாங்கலும் அத்தகையதே. வேட்டையாடுவோன் பெயரைக் கொண்ட ஓர் ஊர், பறவைகளின் அடைக்கலமாக மாறிய வரலாறு எண்ணி மகிழத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இவ்வேரிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1790களில் அப்பொறுப்பில் இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு வழங்கிக் ‘கவுல்’ எனப்படும் உறுதிமொழி ஆவணம் அளித்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய அமெரிக்க எல்லோஸ்டோன் அமைந்தது 1872இல்தான் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

ஊரார் முறையிட்டமைக்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. ஏரியின் கடப்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கரைகிறது. தழைச்சத்து மிகுந்த அந்நீர் வயலுக்குப் பாய, நெல் செழிக்கிறது. பறவைக்கு ஊர் நிழலாயிற்று. ஊருக்குப் பறவை உரமாயிற்று. தீபாவளியன்றும் வெடி வெடிக்காத வழக்கம் இவ்வுறவிலிருந்தே பிறந்தது.

1936இல் அரசு இவ்வேரியைச் சரணாலயமாக ஏற்றது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, இன்று ஜிம் கார்பெட் பெயரால் வழங்குவது, இமயத்தின் அடிவாரத்தில் அமைந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை அதன் காவல் விரிந்தது. 2020இல் அப்பரப்பைக் குறைக்கும் யோசனை எழுந்தபோது எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. 2022இல் இவ்வேரி ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எனினும், ஏரியின் பரப்பு ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் மட்டுமே. அத்துணைச் சிறிய இடத்தில்தான் கூழைக்கடாவும் வர்ண நாரையும் கரண்டிவாயனும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் குடும்பம் நடத்துகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் என் மாணவியரை அங்கு அழைத்துச் சென்றேன். நாரைகள் பறக்கும் காட்சியைப் படமெடுக்க விரும்பிய ஒருத்தி பலமாகக் கைதட்டினாள். கூட்டம் முழுதும் எழுந்தது. நானும் அழகில் மயங்கி நின்றேன். அந்தச் சில நொடிகளில் காகங்கள் காவலற்ற கூடுகளின் மேல் இறங்கின. கரையோரம் மாடு ஓட்டிவந்த முதியவர் ஒருவர், “அம்மா, எங்க பிள்ளைங்க தீபாவளிக்குக்கூட வெடி போடறதில்லீங்க” என்றார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பெற்ற நான் தலைகுனிந்தேன்.

காட்டிற்கும் ஏரிக்கும் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி முழுவதும் அவர் சொல்லில் அடங்கியிருந்தது. குரலைத் தாழ்த்துதல், கரையை விட்டு இறங்காமை, தொலைநோக்கியால் காணுதல், கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொணர்தல் ஆகிய இவை விருந்தினர் ஒழுக்கம் அன்றி வேறல்ல. பிறர் இல்லத்தில் குழந்தை உறங்கும்போது நாம் எவ்வாறு நடப்போமோ, அவ்வாறு நடத்தலே போதும்.

நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரின் மரபில் வந்தவர்கள் நாம். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டம் பத்தாண்டு நிறைவில் ஓர் உலா செல்லுமாயின் வேடந்தாங்கலுக்குச் செல்லலாம். ஆனால் கவியரங்கத்தை ஊர் திரும்பிய பின் வைத்துக்கொள்வோம். அங்கே ஒலிபெருக்கி வேண்டா, கைதட்டலும் வேண்டா. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஊர் காத்த அமைதியை, நாம் ஒரு பகற்பொழுதேனும் காத்துத் திரும்புவோம்.