வலிக்காத வீக்கம்

மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் வலிக்கும். இராஜகிரி ஏறி இறங்கிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்படி வீங்கியும் அதிகம் வலிக்காத மூட்டு ஒன்று உண்டு. 1868இல் அதை விரிவாக எழுதி உலகத்துக்குக் காட்டியவர் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஷார்கோ. நம் டாக்டர்கள் ‘சார்காட்’ என்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் காது கூசும். கடைசி எழுத்தை அங்கே உச்சரிப்பதே இல்லை.

தண்டுவடம் கெட்டு, காலில் உணர்ச்சி மங்கிய நோயாளிகள் அவரிடம் பலர் இருந்தார்கள். சிலருக்கு முழங்கால் திடீரென்று வீங்கும். பிறகு எலும்பே நொறுங்கும். அவர்களோ அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார்கள். மூட்டைப் போஷிப்பதே நரம்புதான், நரம்பு கெட்டதால் மூட்டும் கெட்டது என்றார் ஷார்கோ. விர்ஹோ முதலான ஜெர்மானியர்கள் ஒப்பவில்லை. வலி தெரியாததால் அடிபட்ட மூட்டுக்கு ஓய்வே கிடைக்கவில்லை, அதுதான் காரணம் என்றார்கள். 1870 போருக்குப் பிறகு அந்த இரண்டு நாட்டாரும் எதில்தான் ஒத்துப்போனார்கள்!

இந்த வழக்குக்கு ஒரு பெரிய சாட்சி நம் பக்கத்திலேயே கிடைத்தது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் கை கால் தானாக அழுகி விழும் என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. உணர்ச்சியற்ற காலில் புண்ணோடும் முறிந்த எலும்போடும் நோயாளி நடக்கிறார். அதே காலை மாவுக்கட்டுப் போட்டு வைத்தால், மற்றவர் காலைப் போலவே ஆறுகிறது. 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் இந்த வேலை தொடர்ந்தது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். சேத்துப்பட்டு பஸ்ஸில் அந்தச் செருப்புக் கால்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஜெர்மானியர் சொன்னது பெரும்பாலும் சரி என்றாயிற்று. ஆனாலும் ஷார்கோவை முழுக்கத் தள்ள முடியாது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவருக்குப் பிறகு முடக்குவாதம் வந்தால், விழுந்த பக்கத்து மூட்டுகள் பல சமயம் குறைவாகவே வீங்குகின்றன. நரம்பு முனைகள் வலியை மூளைக்கு அனுப்புவதோடு நிற்பதில்லை. மூட்டுக்குள்ளும் சில ரசாயனங்களைக் கசியவிட்டு, ரத்தக் குழாயை விரித்து, வீக்கத்தை வளர்க்கின்றன. 1931இல் கண்டுபிடித்த ‘சப்ஸ்டன்ஸ் பி’ அவற்றில் ஒன்று. ஆக, மூட்டில் நரம்புக்கு நேரடி வேலை உண்டு என்ற அளவில் அவர் சொன்னது நிற்கிறது.

இன்று ஷார்கோ மூட்டு அதிகம் வருவது சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில். நம் செஞ்சியிலும் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, புறங்கை வைத்துப் பார்த்தால் மற்றதைவிடச் சூடாக இருக்கும். வலி அவ்வளவாக இராது. சுளுக்கு என்று தைலம் தடவிக்கொண்டு கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நடக்கிறார்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அந்தக் காலை ஊன்றாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் போடுவது பெரும்பாலும் பிராண்ட் காலத்து மாவுக்கட்டைப் போன்றதுதான். மாதக்கணக்கில் இருக்கும்.